ஆளில்லாமல் பின்னால் வந்த கார்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை கண்ணை மூடியபோது என் கையில் விட்டுப்போனவர்கள். ஆறு பேரையும் யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன் என்று நிமிர்ந்து நின்று சொல்வேன். கடைசிப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தையும், அதை நானே கெடுக்கப் பார்த்த மூன்று நாட்களையும் பற்றி எழுதத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து வளைந்து நெளிந்து போகும். விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவேன்.

இத்தாலிக்குத் தெற்கே ஒரு தீவில், பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் எங்கள் வீடு. மூன்றாம் மாடி. பால்கனியில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. நீளமான இரண்டு கால்கள், அவை மேலே போய்ச் சேரும் இடத்தில் சிரட்டை அளவில் ஒரு கிண்ணம். கோடை தொடங்கும்போது அதில் பாகல்கொடியை ஏற்றிவிடுவேன். வருகிற ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, பந்தல் போட எங்கே இப்படி ஒரு கம்பி வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். ஒருவர் தந்தது என்று மட்டும் சொல்வேன். துருப்பிடிக்க விடமாட்டேன், வருடம் ஒருமுறை பெயின்ற் அடிப்பேன். அது பந்தல் கம்பி இல்லை. ஒரு காரை, அதன் நான்கு சில்லும் தரையில் உருள, இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுப்பதற்குச் செய்த கம்பி. அதைச் செய்வித்தவர் என் சம்பந்தி, மூத்த மகனுக்குப் பெண் கொடுத்தவர். அந்தக் கம்பி தன் வேலையைச் செய்தது ஒரே ஒரு நாள்தான், அதிலும் முழுவதாகச் செய்யவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்தேன். சிஞ்ஞோரா என்றால் அம்மணி என்பது போல; அவவுக்குப் பெயர் இருந்தது, ஆனால் ஏழு வருடத்தில் நான் அதை வாயால் சொன்னதில்லை. நகரத்தின் வடக்குப் பக்கம், எலுமிச்சை மரங்கள் நிற்கிற வளவோடு கூடிய பழைய வீடு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ரோமுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் குடும்பத்தோடு இருந்தாள். சிஞ்ஞோராவின் இடது முழங்கால் மடங்காது. எப்போதோ விழுந்து, தகடு வைத்துக் கட்டியது. அதனால் அவவுடைய சிறிய வெள்ளைக் காரில் கிளச் கிடையாது, இரண்டே மிதிதான், வலது காலால் மட்டும் ஓட்டலாம். அந்தக் காரைத் துடைப்பதும் என் வேலை. அதற்கு அந்தப் பக்கம், மரத்தின் கீழே, ஒரு காம்பர் நின்றது. உள்ளே கட்டிலும் சமைக்கக் குசினியும் வைத்த பெரிய வீட்டு வண்டி. கணவர் இருந்த காலத்தில் கோடை வந்தால் இரண்டு பேரும் அதில் ஊர் ஊராகப் போய்வருவார்களாம். அவர் போனபிறகு அது எலுமிச்சம் இலை விழ விழ நின்றது.

அந்த வீட்டில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் போனதும் என் கைப்பையைக் குசினிக் கதிரையில் வைத்து, அதன் வாயைத் திறந்துவிடுவேன். உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். ஒரு சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி, மாற்றுச் சட்டை. யாரும் சொல்லி நான் அப்படிச் செய்யவில்லை. பிறர் வீட்டுப் பொருளோடு நாள் முழுக்க இருக்கிறோம், எங்களை ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நானே செய்தேன். சிஞ்ஞோரா முதல் வருடம் அந்தப் பையைக் கடந்து போகும்போது கண்ணை ஓடவிடுவா. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டா. அது எனக்குப் பெரிய பரிசாக இருந்தது.

என் கடைசி மகள் அப்போது கொழும்பில், ஒரு சின்ன அறையில், என் ஒன்றுவிட்ட தமக்கையோடு இருந்தாள். வயது பதினேழு. சண்டைக் காலம்; தமிழ்ப் பிள்ளை வெளியே போனால் திரும்பி வரும் மட்டும் தமக்கை வாசலிலேயே நிற்பாளாம். பிள்ளையை என்னிடம் எடுப்பதற்கு இத்தாலியில் வழி இருந்தது, ஆனால் பதினெட்டு முடிவதற்குள் எடுக்கவேண்டும். பதினெட்டுக்குப் பிறகு தாயோடு சேர்க்கமாட்டார்கள். என் பெர்மெசோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், சரியாக இருந்தது. எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று சிஞ்ஞோரா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அதை குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், கொடுக்கவேண்டும். நான் பங்குனியில் கேட்டேன். செய்வோம் என்றா. வைகாசியில் கேட்டேன். கோடை முடியட்டும், செப்டெம்பரில் செய்வோம் என்றா. மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. இரண்டு முறை கேட்டால் கேட்பது, மூன்றாம் முறை கேட்டால் கெஞ்சுவது என்று என் மனதில் இருந்தது.

கோடை நடுவில் அந்த வீட்டில் சில மாற்றங்களைக் கண்டேன். வரவேற்பறைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னா. நல்ல பீங்கான்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னா. மகளோடு தினமும் ரெலிபோனில் கதைத்தா. நான் உள்ளே வந்தால் குரல் தாழும். பிறகு ஒரு நாள் காம்பரின் கதவைத் திறந்து, உள்ளே கழுவித் துடைக்கச் சொன்னா. ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வண்டி. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மகளிடம் என்றா. எவ்வளவு நாளுக்கு என்று கேட்க வாய் வந்தது. அந்த நேரம்தான் அவ என்னிடம், உன் சொந்தக்காரர் ஒருவர் சாரதியாக இருந்தவர் என்றாயே, அவரைக் கூட்டிக்கொண்டு வா, காம்பரை ஓட்ட ஆள் வேண்டும், என் காரையும் அதன் பின்னால் கட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்கவேண்டும் என்று சொன்னா.

நான் துடைத்த துணியோடு அப்படியே நின்றேன். பத்து நாள் போய்வருகிறவர் ஒரு வண்டியில் போவார். வீட்டு வண்டியையும் கொண்டு, காரையும் கட்டி இழுத்துக்கொண்டு, கதிரைக்குத் துணி போர்த்துவிட்டுப் போகிறவர் திரும்பி வருவாரா? செப்டெம்பர் என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது என்று நினைத்தேன். நான் கையெழுத்துக்குக் காத்திருக்க, அவ அந்த மாதம் வரும்போது இங்கே இருக்கமாட்டா. வேலையும் போகும், பத்திரமும் போகும், பிள்ளையும் கொழும்பில் நிற்கும்.

சம்பந்தியை நானே கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. அவரைப் பற்றி எனக்கு முதலே நல்ல எண்ணம் கிடையாது. பெரிதாக ஒரு காரணமும் இல்லை. மெல்லிய, உயர்ந்த ஆள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், சிரிக்கவேண்டாத இடத்தில் சிரிப்பார். கல்யாண வீட்டில் எல்லோரும் என் சமையலைப் புகழ்ந்தபோது இவர் மட்டும் இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டார். வாய் திறக்காத மனிதர் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் வான் ஓட்டியவர். இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடற்கரையில், ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். இத்தாலி லைசன்ஸ் எடுத்திருந்தார், ஓட்டுவதற்கு வண்டிதான் கிடைக்கவில்லை. சிஞ்ஞோராவின் காம்பரைக் கண்டதும் அவர் அதன் முன்பக்கத்தைக் கையால் தடவினார். மாடு வாங்க வந்தவர் போல.

"கார் பின்னாலை வருமோ?" என்று கேட்டேன்.

"ஏன் வராது?" என்றார். "சண்டையிலை எண்ணெய் வராத காலத்திலை, ஒரு வான் மண்ணெண்ணெயிலை ஓடும், அதுக்குப் பின்னாலை ரெண்டு கார் கட்டி இழுத்திருக்கிறன், சம்மந்தி. மூண்டு வண்டிச் சனம், ஒரு எஞ்சின். நியூட்ரலிலை போட்டால் சில்லு உருளும். சில்லு உருண்டால் கார் வரும்."

"இதுக்கு ரெண்டு மிதிதான்."

"ஓம், கண்டனான். இதிலையும் நியூட்ரல் எண்டு ஒரு இடம் போட்டிருக்கு. நியூட்ரல் எங்கையும் நியூட்ரல்தான்."

அதன்பிறகு அவர் விடுமுறை நாட்களில் அங்கே வரத் தொடங்கினார். ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரெயில் நிலையம், அதற்குப் பக்கத்தில் இரும்பு ஒட்டுகிற ஒருவரிடம் அளவு கொடுத்து இந்தச் சட்டத்தைச் செய்வித்தார். சிஞ்ஞோராவும் அவரும் காம்பரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, படம் விரித்து வைத்துக்கொண்டு கதைப்பார்கள். அவருடைய இத்தாலி என்னுடையதைவிட மோசம், ஆனாலும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். நான் குடிக்கக் கோப்பி கொண்டுபோனால் பேச்சு நிற்கும். இவருக்கும் அங்கே, மகள் வீட்டில், ஒரு வேலை பேசியிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். காம்பரும் போகிறது, காரும் போகிறது, சாரதியும் போகிறார். சம்பந்தி எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் போய் என் வேலை போகப்போகிறதா என்று கேட்பேனா?

எதிர்ப்பக்கத்துக் கராஜ்காரன் ஒரு நாள் வேலியால் எட்டிப் பார்த்தான். சட்டத்தைக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். பழுதான காரைத்தான் கொஞ்சத் தூரம் இப்படி இழுக்கலாம், நல்ல காரைக் கட்டி இழுக்க இங்கே சட்டம் விடாது, அதோடு இந்தக் கார் இப்படி இழுக்கிற ஜாதி இல்லை என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னான். சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தன்னட்டை வேலையைக் குடுக்கேல்லை எண்ட எரிச்சல்," என்றார். "பொலிஸ் மறிச்சால் பழுதெண்டு சொல்லுவம்."

ஊரில் இப்படித்தான். பக்கத்துக் கராஜ்காரன் வேண்டாம் என்றால் அதைச் செய்யலாம் என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் அந்த மனிதனை நம்பவில்லை. சம்பந்தியும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வியாழக்கிழமை நான் காரின் உள்ளே துடைத்தேன். முன்னால் இருக்கிற சின்னத் தட்டைத் திறந்தபோது, கடதாசிகளுக்குக் கீழே காரோடு வந்த புத்தகம் இருந்தது. எனக்கு அந்தப் பாஷையை வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். ஈரம் பட்டு ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்துக்கொண்டு போக, ஓரிடத்தில் இரண்டு படம். ஒன்றில் காரின் முன் சில்லுகள் இரண்டையும் தூக்கிக் கட்டி இழுக்கிறார்கள். மற்றதில் நான்கு சில்லும் தரையில் இருக்க முன்னால் கட்டி இழுக்கிறார்கள். அந்த இரண்டாவது படத்தின் மேல் தடிப்பாக இரண்டு கோடு குறுக்கே கீறி ஒரு புள்ளடி போட்டிருந்தது. புள்ளடிக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தேன். வளவின் அந்தப் பக்கம் சம்பந்தி சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தக் காரை இப்படிக் கட்டினால் வழியில் கெட்டுப்போகும். கெட்டால் பயணம் நிற்கும். பயணம் நின்றால் சிஞ்ஞோரா வீட்டுக்குத் திரும்பவேண்டும். செப்டெம்பர் வரும், அவ இங்கே இருப்பா, கையெழுத்து விழும். பழி என்னில் வராது. நியூட்ரல் எங்கையும் நியூட்ரல்தான் என்ற மனிதரில் வரும். அதை நினைத்தபோது ஒரு சின்ன இனிப்பும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

புத்தகத்தைத் திரும்ப வைத்தால் யாராவது எடுத்துப் பார்க்கலாம். குசினிக்குப் போனேன். என் கைப்பைக்குள், மாற்றுச் சட்டைக்குக் கீழே வைத்தேன். ஐந்து வருடமாகத் திறந்தே கிடந்த பையின் வாயை இழுத்துப் பூட்டினேன். அந்தப் பூட்டு விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலையைச் செய்தேன். பை பூட்டியபடி வந்தது, பூட்டியபடி போனது. இரவில் பிள்ளையை நினைத்துக்கொள்வேன், நான் செய்வது அவளுக்காக என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ளவேண்டி இருந்தது என்பதே எனக்குப் போதுமான அடையாளமாக இருந்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ஃபெர்ராகவால்லோ வரை ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. அங்கே கடற்கரையில் சாப்பிட்டுத் திரும்புவோம், நீயும் வா என்று சிஞ்ஞோரா சொன்னா. புது வண்டி புறப்படுகிறபோது எங்கள் ஆட்கள் சில்லுக்கு முன்னால் தேசிக்காய், சின்ன எலுமிச்சை, வைத்து நசித்துக்கொண்டு போவார்கள். சம்பந்தி அதை மறக்கவில்லை. ஆனால் எங்கள் தேசிக்காய்க்கு எங்கே போவது? மரத்தில் இருந்து சிஞ்ஞோராவின் எலுமிச்சம்பழங்களைப் பிடுங்கினார். ஒவ்வொன்றும் பிள்ளையின் இரண்டு கை அளவு. நல்ல பழத்தை ஏன் சில்லின் கீழ் வைக்கிறார் என்று அவ கேட்க, கடவுளுக்கு என்றேன். கடவுள் அதைக் குடிக்கமாட்டாரே என்றா. காம்பரின் பழங்கள் நசிந்தன. காரின் முன்னால் வைத்ததில் ஒன்று வழுக்கி, நசியாமல், உருண்டு போய் வேலியடியில் நின்றது. சம்பந்தி அதைக் காணாதவர் போல இருந்தார். நான் கண்டேன்.

அவர் ஓட்ட, சிஞ்ஞோரா பக்கத்தில் இருக்க, நான் பின்னால் கட்டிலில், பின் யன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் பை. யன்னலால் பார்த்தால் கார் தெரியும். திறப்பை, கார்ச் சாவியை, ஒரு பல்லுத் திருப்பி விட்டிருந்தார், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமாம். அதனால் காம்பர் திரும்பும்போது காரின் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. உள்ளே ஒருவரும் இல்லை. வலது பக்கம் வளைந்தால் அது வலதுக்குச் சுழன்றது, இடது பக்கம் வளைந்தால் இடதுக்கு. வெயில் கண்ணாடியில் பட்டு மறையும்போது யாரோ இருப்பது போலத் தோன்றும், வெயில் விலகினால் வெறும் இருக்கை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அது என்னைத் துரத்தி வருவது போல இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

சம்பந்தி மெதுவாகத்தான் ஓட்டினார். கடல் தெரியத் தொடங்கியதும் சிஞ்ஞோராவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. கணவரோடு போன பயணங்களைச் சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பி, காரைக் காட்டிக் கதைத்தா. எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னா. அவ சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"பார், நல்லா வருகுது. இந்த வீட்டு வண்டியை மகளுக்கே குடுக்கப்போறன். பேரப்பிள்ளையள் கடலுக்குப் போகட்டும். எனக்கு என்னத்துக்கு, வீட்டிலை நிண்டு இலை பொறுக்குது. ரெயிலிலை அவ்வளவு நேரம் இந்தக் காலை நீட்டி இருக்கேலாது, பிளேனிலை ஏறமாட்டன். அதுதான் கார். குடுத்திட்டு, நானும், வண்டி ஓட்டுற இவரும் அதிலை நாப்போலிக்கு வந்து, காரோடை கப்பல் ஏறி, பத்துப் பன்னிரண்டு நாளிலை வந்திடுவம். கதிரைத் துணியை அப்ப எடுக்கலாம். தூசி படக்கூடாது எண்டுதான் போர்த்தனான்."

நான் அவவைப் பார்த்தேன். பிறகு பின்னால் பார்த்தேன். அந்தக் கார் அவ போவதற்கு இல்லை. அவ திரும்பி வருவதற்கு. திரும்பி வராதவர்தான் காரை விட்டுவிட்டுப் போவார். ஆறு பிள்ளை வளர்த்த எனக்கு அவ்வளவு சின்னக் கணக்கு பிழைத்துப்போனது. அவவை என்னிடம் திருப்பிக் கொண்டுவரப்போகிற ஒரே பொருளை, ஆளில்லாமல் கட்டி, கெட்டுப்போகட்டும் என்று நான் இழுத்து வந்துகொண்டிருக்கிறேன்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

"என்ன சம்மந்தி, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ?"

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்! கார் கெடப்போகுது!"

அவர் கடற்கரையோரம் ஒதுக்கினார். இறங்கி, காரின் கீழ் குனிந்து கையை நீட்டியவர் உடனே இழுத்துக்கொண்டார். சூடேறிய எண்ணெய் மணம் எனக்கும் வந்தது. "இது ஏன் இப்பிடிச் சுடுது?" என்று தனக்குத்தானே கேட்டார். அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் முன்பு பார்த்ததில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாத முகம். நான் என் பையைத் திறந்தேன். மாற்றுச் சட்டைக்குக் கீழிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தேன்.

அவ மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தா. வாசித்து எங்களுக்குச் சொன்னா. கிளச் உள்ள காரை நியூட்ரலில் போட்டு உருட்டலாம், அது தாங்கும். இது அப்படி இல்லை. இந்தக் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் ஓடுவது எஞ்சின் ஓடினால் மட்டும்தான். எஞ்சின் நின்றிருக்க, சில்லு மட்டும் உருண்டால், உள்ளே இரும்பு எண்ணெய் இல்லாமல் உரசும். வேறு வழி இல்லாவிட்டால், மிக மெதுவாக, கொஞ்சத் தூரம் போகலாம். ரோமுக்குப் போயிருந்தால் பாதி வழியில் பெட்டி போயிருக்கும். சம்பந்தி கேட்டுக்கொண்டு நின்றார். புத்தகத்தைப் பார்த்தார், என் திறந்த பையைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கழற்றத் தொடங்கினார்.

சூடு ஆறும் மட்டும் நின்று, சாப்பிடாமலே திரும்பினோம். கார் ஸ்டார்ட் ஆனது, கெட்டிருக்கவில்லை. சம்பந்தி காம்பரைக் கொண்டுபோக, சிஞ்ஞோரா தானே காரை ஓட்டினா. என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னா. சற்றுநேரம் முன்பு வெறுமையாக இருந்த அந்த இருக்கையில் அவ இருந்தா.

"அஞ்சு வருசமா உன்ரை பை திறந்திருந்தது," என்றா, தெருவைப் பார்த்தபடி. "வியாழக்கிழமை பூட்டியிருந்தது. நான் கண்டனான். மூண்டு நாளா என்ன எடுத்திருப்பாய் எண்டு வீடு முழுக்கத் தேடினன்."

நான் அவவைச் சந்தேகித்த அதே மூன்று நாளும் அவ என்னைச் சந்தேகித்து, அலுமாரி அலுமாரியாகத் திறந்து பார்த்திருக்கிறா. ஐந்து வருடம் சேர்த்து வைத்த பெயர் ஒரு பூட்டில் போயிற்று.

"புத்தகத்தைத் துடைக்க எடுத்தனான்," என்றேன்.

அவ வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகு கேட்டா: "நான் திரும்பி வரமாட்டன் எண்டு நினைச்சனியோ?"

நான் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அவவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த வாரம் எதிர்ப்பக்கத்துக் கராஜ்காரனிடம் சம்பந்தியே போனார். காரை முழுவதாகத் தூக்கி ஏற்றுகிற, சில்லு வைத்த தட்டு ஒன்றை அவன் தேடிக் கொடுத்தான். அதில் காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள். திரும்பி வருவா என்று இப்போது தெரியும். ஆனால் திரும்பி வந்து என்ன செய்வா? காரைக் கெட விடப் பார்த்தவளுக்குக் கையெழுத்துப் போடுவாவா? முதலில் இல்லாத காரணத்துக்குப் பயந்தேன். இப்போது நானே உண்டாக்கிய காரணத்துக்குப் பயந்தேன். ஒவ்வொரு நாளும் போய், வீட்டைத் திறந்து கூட்டி, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நசியாத அந்த எலுமிச்சம்பழம் வேலியடியில் கிடந்து கறுத்தது. பையை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. பார்க்க ஆள் இல்லாத வீட்டில் திறந்து வைத்து என்ன, பூட்டி வைத்து என்ன.

பன்னிரண்டாம் நாள் பகல், வெள்ளைக் கார் ஒழுங்கைக்குள் வந்தது. சம்பந்தி ஓட்டினார். சிஞ்ஞோரா காலை நீட்டி இறங்கினா. எனக்கு வணக்கம் கூடச் சொல்லவில்லை. குசினிக்கு வந்து, கதிரையில் இருந்த என் பையைப் பார்த்தா. பூட்டியிருந்தது. தன் கையால் அதைத் திறந்தா. சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு பத்திரத்தை எடுத்து உள்ளே வைத்து, பூட்டினா. கையெழுத்துப் போட்டிருந்தது. மகள் வீட்டு மேசையில் வைத்துப் போட்டதாம். நாளைக்கு குவெஸ்தூராவுக்குப் போவோம் என்றா. பிறகு, கதிரைத் துணிகளை எடு, மூச்சு முட்டுகிறது என்றா. அவ்வளவுதான். அதைப் பற்றி அவ சாகும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. மன்னித்தாவா, இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அடுத்த நாள் காலை நான் பையைத் திறந்து வைத்தேன். அவ பழையபடி, கடந்து போகும்போது, கண்ணை ஓடவிட்டா. அதை நான் ஏற்றுக்கொண்டேன். மாசி மாதம் என் பிள்ளை வந்து இறங்கினாள், பதினெட்டுக்கு ஆறு கிழமை இருக்க.

பிள்ளையைப் பார்க்க வந்த அன்று சம்பந்தி இந்தக் கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினார். பால்கனியில் நட்டு வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புத்தகம் துடைக்க மூண்டு நாளோ, சம்மந்தி?" என்றார் மெல்ல.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், திரும்பி வாறம் எண்டு. நீங்கள் கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியும் எண்டு நான் நினைச்சன்."

"நீங்களும் ஒண்டும் கதைக்கிறேல்லையே."

"உங்களைக் கண்டால் எனக்குப் பயம்," என்று சொல்லிவிட்டு, சிரிக்கவேண்டாத இடத்தில் சிரித்தார். பிறகு உள்ளே போய், இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அவர் அந்த விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மகனுக்கும் இல்லை, தன் மகளுக்கும் இல்லை. வாய் திறக்காத மனிதர் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று நான் எவ்வளவு காலம் ஐமிச்சப்பட்டேன். அவர் வைத்திருந்தது என்னுடைய கள்ளத்தை. போன வருடம் அவரை எரித்துவிட்டு வந்த அன்றும் நான் இந்தப் பால்கனியில்தான் வந்து இருந்தேன். கொடி முழுக்கப் பூவாக இருந்தது.

இப்போது அந்த விஷயம் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. சொல்லாமல் விட்டால் போய்விடும், எனக்கும் நல்ல பெயர் மிஞ்சும். அதனால்தான் எழுதினேன். கண் மங்கிவிட்டது, பென்சில் எழுத்து எனக்கே தெரியவில்லை. எழுத நினைத்ததை எழுதினேனா, கை நழுவவிட்டதா என்று எனக்கு என் மேலேயே ஐமிச்சம். கடைசி மகளின் பெட்டை, என் பேத்தி, சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவள். பள்ளிக்கூடத்தால் வந்து, பாகல்கொடிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். கொப்பியை அவளிடம் நீட்டினேன்.

"எங்கையிருந்து அம்மம்மா?"

"முதலிலை இருந்து. ஒரு சொல்லும் விடாதை. புத்தகத்தைப் பைக்குள்ளை வைக்கிற இடம் வரும், அதை ரெண்டு தரம் வாசி. நான் எழுதியிருக்கிறனோ எண்டு பாப்பம்."